கடைசி நூறு மீட்டர்

தேவாலயத்தில் முதல் மணி அடித்து ஓய்ந்தபோது அப்பாவின் கன்னம் இரண்டிலும் நுரை ஏறியிருந்தது. இரண்டாம் மணிக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. ஒரு வாரத்துத் தாடியை மழிக்க அது தாராளம். ஒரு விஷயத்தைச் சொல்ல அது போதுமா என்பதுதான் இங்கர்சாலுக்குத் தெரியவில்லை. போதகர் குடியிருக்கும் குருமனையின் பின்பக்க வராந்தாவில் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்துப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அப்பாவின் கழுத்தைச் சுற்றித் துண்டைச் செருகி, எவர்சில்வர் குவளையில் வெந்நீர் வைத்து, ரேஸரில் புது பிளேடு மாட்டி, இதெல்லாம் இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் நடப்பதுதான். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பில் விரிசல் கண்டு, பொன்மலையை விட்டு இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து. "உன் சபைக்காரங்க உன் மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்னாடி என் மூஞ்சிய சரி பண்ணிடு" என்று முதல் ஞாயிறே சொல்லிவிட்டார். எண்பத்தாறு வயது, கண் இரண்டிலும் புரை, ஆனாலும் கறுப்புச் சட்டையை விடவில்லை. குருமனை வாசலில் கறுப்புச் சட்டையோடு பேப்பரை மூக்கில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதரைப் பார்த்து முதல் மாதம் சபையார் திகைத்தார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள், இப்போது சபைக் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் அவரோடு வாதாடவென்றே சாயங்காலம் வருகிறார்கள், தோற்றுப்போய் காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். போதகரை ஐயர் என்று கூப்பிடுவது இந்தச் சபையின் வழக்கம். இங்கர்சால் ஐயர். அது காதில் விழும்போதெல்லாம் அப்பாவுக்கு உடம்பு குலுங்கச் சிரிப்பு வரும். "கடவுளக் கேள்வி கேட்ட அமெரிக்காக்காரன் பேர ஆசையா வச்சேன், அதுக்குப் பின்னாடி ஐயர்னு ஒட்டிட்டானுங்களே." ஞானஸ்நானத்தின்போது பெயரை மாற்றிக்கொள் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். மாற்றவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒரு காரணம் சொன்னார். உண்மையான காரணம், அப்பாவிடமிருந்து அதற்கு மேல் எதையும் எடுத்துக்கொண்டு போக மனம் வரவில்லை என்பது.

ரேஸரைக் கிருதாவின் கீழே வைத்து மெல்ல இழுத்தார். நுரைக்கு அடியிலிருந்து வெளிறிய தோல் ஒரு பாதையாக வெளியே வந்தது. சொல்ல வேண்டும். அறைக்குள் அங்கி ஆணியில் தொங்குகிறது, அதன் பையில் இன்றைய பிரசங்கத் தாள் நாலாக மடித்து இருக்கிறது, அதில் இரண்டாம் பக்கத்தில் அந்த ஓட்டம் இருக்கிறது. முப்பத்தொன்பது வருடத்தில் ஒரு பிரசங்கத்திலும், ஒரு வகுப்பிலும், மனைவி ஹெப்சியிடம் ஒரு தடவை தவிர எந்த மனிதரிடமும் சொல்லாத ஓட்டம். வியாழக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து வேறு எதையோ எழுதப்போக, கை தானாக அங்கே போய்விட்டது. எழுதி முடித்ததும் ஜன்னல் வழியாகப் பார்த்தார், புங்க மரத்தில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கர் குருமனையைப் பார்த்துத்தான் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. கோயிலுக்குள் காலடி வைக்காத அப்பா அந்த ஸ்பீக்கர் வழியாக எல்லா ஞாயிறும் எல்லாப் பிரசங்கமும் கேட்கிறார். மத்தியானம் சோற்றில் ரசம் ஊற்றும்போது ஆரம்பிப்பார். "ரெண்டாவது சொன்னதுக்கும் மூணாவது சொன்னதுக்கும் நடுவுல ஒரு ஓட்டை இருக்குப்பா." பெரும்பாலும் இருக்கும். இன்றைக்கு அந்த ஸ்பீக்கர் வழியாக இது அவர் காதில் போய் விழக்கூடாது. முதலில் இங்கே, கையெட்டும் தூரத்தில். அப்பா வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொடுத்தார், மேலுதட்டின் ஓரத்தை மழிக்க வசதியாக. எத்தனை தடவை இந்த முகம் இப்படிக் கோணியிருக்கிறது, பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் கொடியில் மாட்டிய கைக்கண்ணாடி முன்னால், ஆறு வயதுப் பையனாக அவன் கீழே நின்று அண்ணாந்து பார்க்க.

விடிகாலை அஞ்சு மணிக்கு எழுப்புவார் அப்பா. ஒர்க்‌ஷாப் சங்கு ஊதுவதற்குள் ஓட்டம் முடிந்தாக வேண்டும், ஏனென்றால் அப்பா, ஃபிட்டர் தணிகாசலம், ஒரு நாள்கூடத் தாமதமாக உள்ளே போனவர் இல்லை. காலனித் தெருக்களின் வேப்ப மரங்களுக்குக் கீழே அவன் ஓடுவான், அப்பா சைக்கிளில் பின்னால் வருவார், ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் ஸ்டாப்வாட்ச். யாரோ ஃபோர்மேன் ஓய்வுபெற்றுப் போகும்போது கொடுத்துவிட்டுப்போன கடிகாரம், பின்மூடியில் ஒரு நசுங்கல். அப்பாவுக்கு அதுதான் எல்லாம். வேகமாக ஓடினேன் என்று சொல்லக்கூடாது, எத்தனை செகண்டு என்று சொல்ல வேண்டும். நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூடாது, போன வாரத்தைவிட எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அந்தப் பனிமூட்டமும், லோகோ ஷெட் பக்கமிருந்து வரும் கரிப்புகை வாசனையும், மார்க்கெட்டில் இறக்கும் மல்லிக்கட்டு வாசனையும், வீடு திரும்பினால் அம்மா இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கொடுக்கும் பாலும். அம்மா எதிலும் கட்சி சேராதவள். "ஓடுறான், நல்லாத் தூங்குறான், எனக்கு அது போதும்." அம்மா இறந்தபோது இங்கர்சால் பெங்களூரில் இறையியல் படித்துக்கொண்டிருந்தார். வந்து சேர்ந்தபோது எந்தச் சடங்கும் இல்லாமல் எல்லாம் தயாராக இருந்தது, அப்பா அவரைத் தனியே கூப்பிட்டு, "நீ மனசுக்குள்ள என்ன வேணா சொல்லிக்கோ, வாய் திறக்காத" என்றார். திறக்கவில்லை. அதுகூட இப்போது வருத்தமாக இல்லை, ஒருவிதமான நெருக்கமாகத்தான் நினைவிருக்கிறது, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது. "தண்ணி ஆறிப்போச்சுடா" என்றார் அப்பா. ரேஸர் குவளையிலேயே இருந்தது, எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து ஹெப்சி கேட்டுவிட்டு வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினாள். "மாமா, இன்னிக்கு உங்க ஐயருக்கு நெனப்பு இங்க இல்ல." "எங்கயும் இல்லம்மா. சின்ன வயசுலயே அப்படித்தான். ஓடும்போது மட்டும் சரியா இருப்பான்."

ஓடும்போது மட்டும். அப்பா சொன்னது சரிதான். அப்பாவின் நாத்திகம்கூட அவனுக்கு வாய்க்கவில்லை, அதற்கு ஒரு உறுதி வேண்டும். கல்லூரியில் யாராவது கேட்டால் "தெரியாது" என்பான், கடவுள் உண்டா தெரியாது, இல்லையா தெரியாது, எண்ணூறு மீட்டரை எத்தனை செகண்டில் ஓடுவேன் என்று தெரியும். அப்பாவுக்கு அது பிடிக்காது. "தெரியாதுங்கறது பதில் இல்லடா, சோம்பேறித்தனம். ஒரு பக்கம் நில்லு." ஆனால் அந்தத் தெரியாமையில் ஒரு சுகம் இருந்தது, பனிமூட்டத்துக்குள் ஓடுவது மாதிரி. ரயில்வே வேலையும் ஓட்டத்தால்தான் கிடைத்தது. ரயில்வே தடகள மீட்டில் தங்கம், தேசிய முகாமுக்குத் தேர்வு, அப்புறம் அடுத்த வருடமே பெங்களூர் மைதானத்தில் முதல் வளைவில் இடது குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து கட்டையால் அடித்தது மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தான், யாரும் அடிக்கவில்லை. குதிகால் நாண் அறுந்திருந்தது. இப்போதும் அந்த இடம் காலணிக்குள் ஒரு கயிற்று முடிச்சுப்போல இருக்கிறது, மழை வருவதை ஒரு நாள் முன்னால் சொல்லிவிடும். மிஷன் ஆஸ்பத்திரியில் எட்டு வாரம் மாவுக்கட்டு. ஆறாவது வாரம் அப்பா பார்க்க வந்தபோது தலையணைக்குக் கீழே புதிய ஏற்பாடு இருந்தது. ஆஸ்பத்திரியின் புத்தக வண்டியிலிருந்து எடுத்தது, வேறு புத்தகங்களையும் எடுத்துத்தான் படித்தான், ஆனால் அப்பாவின் கைக்கு அகப்பட்டது அது. புரட்டிப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தார். "தோத்தவனுக்குத்தான்டா கடவுள் வேணும்" என்றார். கோபமாகக்கூட இல்லை. அந்த ஒரு வாக்கியம். அதற்குப் பதில் சொல்லத்தான், யோசித்துப் பார்த்தால், இவ்வளவு தூரம் வந்தது. அந்த ஆஸ்பத்திரியின் போதகரிடம் அவன் கேட்டான், திக்கித் திக்கிப் பேசும் மனிதர், தோல்விதான் என்னை இங்கே தள்ளுகிறதா என்று. அவர் "தெ... தெரியல தம்பி" என்றார். அவன் நினைத்தான், இவரும் என் கட்சி. தெரியாது என்று சொல்லிக்கொண்டே ஒரு மனிதர் முழங்கால் போட முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று வருடம் அலைந்து ஞானஸ்நானம், ரயில்வே வேலையை விட்டது, தத்துவம் படித்தது, அறிவுக்கும் விசுவாசத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பற்றி நானூறு பக்கத்தில் ஆய்வு, பன்னிரண்டு வருடம் இறையியல் கல்லூரியில் தத்துவ வாத்தியார், அப்புறம் போதும், மனிதர்களோடு இருக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்ட சபை ஊழியம். எந்த வகுப்பில் எதைப் பேசினாலும், கடைசி பெஞ்சில் ஒரு கறுப்புச் சட்டை உட்கார்ந்து அந்த வாக்கியத்தைச் சொல்லும். அதற்கு அவரிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லவில்லை. ஏனென்றால் பதில் தங்கம் வாங்கிய அந்த ஓட்டம், அந்த ஓட்டம் அப்பாவுடையது.

"அப்பா." ரேஸர் தாடைக்குக் கீழே தொங்கும் தோலில் இருந்தது, அதை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் மழிக்க வேண்டும், துடிக்கும் ஒரு நரம்பு விரலுக்குக் கீழே. "மிஷன் ஆஸ்பத்திரில என்னப் பாக்க வந்தீங்களே, அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?" அப்பா கண்ணை மூடியபடியே யோசித்தார். "எந்த ஆஸ்பத்திரி?" "கால் போனப்ப." "ஆமா, ஆமா. பஸ்ஸு வழியில நின்னுபோச்சு. ரெண்டு கிலோமீட்டர் வெயில்ல நடந்தேன். ஒரு தார்ல நல்ல ரஸ்தாளியா வாங்கிட்டு வந்தேன், நீ ஒண்ணுகூடத் திங்கல." "வேற ஒண்ணும் ஞாபகம் இல்லையா?" "உங்காலு. இம்புட்டுப் பெரிய கட்டு. அதப் பாக்க முடியாம வெளிய வந்து குழாயடில நின்னுட்டிருந்தேன். என்ன சொன்னேன்?" "ஒண்ணுமில்லப்பா." நானூறு பக்கம். பன்னிரண்டு வருடம். சொன்னவருக்கு வாழைப்பழம் ஞாபகம் இருக்கிறது. இங்கர்சாலுக்கு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது, ரேஸரை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். ஹார்மோனியத்தில் யாரோ இன்றைய முதல் பாட்டைத் தப்பும் தவறுமாகப் பழகிக்கொண்டிருந்தார்கள். பிரஷர் குக்கர் ஒரு விசில். ஆனால் அப்படியென்றால் சொல்லத் தேவையே இல்லையோ. கேள்வியே இல்லாதவரிடம் எதற்குப் பதில். தாளிலிருந்து இரண்டாம் பக்கத்தை எடுத்துவிட்டால் போயிற்று, பிரசங்கம் கொஞ்சம் சின்னதாகும், சபையார் சந்தோஷப்படுவார்கள். இத்தனை வருடம் அதைச் சொல்லாமல் இருந்ததற்கு வேறு ஒரு பயமும் உண்டு. அது நடந்ததா? அன்றைக்கு நடந்ததா, இல்லை பிற்பாடு படித்த புத்தகங்கள் ஒவ்வொன்றும் கொண்டுவந்து அங்கே வைத்த சாமானா? வகுப்பில் ஒரு மாணவன் இதை ஆதாரமென்று எழுதியிருந்தால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருப்பார். மூச்சு முட்டிய உடம்பு மூளைக்குக் காட்டிய படம் என்று அப்பா சொல்லலாம், அதை மறுக்க அவரிடம் ஒன்றும் இல்லை. அதைவிட, அப்பா ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அந்த ஓட்டத்தைப் பற்றி அப்பா பேசாத மனிதர் பாக்கி இல்லை, பால்காரர், பிசியோதெரபிஸ்ட், கமிட்டிக்காரர்கள், எல்லாருக்கும் தெரியும், ஒரு நிமிடம் நாற்பத்தொன்பது புள்ளி ஆறு. வாழ்க்கையில் அவர் கையால் பிடித்த மிகப் பெரிய மீன் அது. அதற்குள் கொண்டுபோய்க் கடவுளை வைப்பதா.

"சொல்றதுன்னா சொல்லு" என்றார் அப்பா. "கழுத்துல கத்திய வச்சுக்கிட்டு யோசிக்காத." இங்கர்சால் ரேஸரைக் குவளையில் போட்டார். வலது கன்னம் இன்னும் நுரையோடு இருந்தது. "ரயில்வே மீட் ஓட்டம் இருக்கில்லப்பா. அத இன்னிக்குக் கோயில்ல சொல்லப்போறேன்." "சொல்லேன். அம்பத்துநாலு செகண்டுல மொத ரவுண்டுன்னு மறக்காம சொல்லு." "அது இல்லப்பா. கால் போனதுக்கப்புறம்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன்னு நீங்க நினைக்கிறீங்க. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. அப்ப இல்ல. அந்த ஓட்டத்துல. அதுல ஜெயிச்சிட்டிருக்கும்போது." அப்பாவின் கண் திறந்தது. புரை படர்ந்த அந்த இரண்டு பால் வட்டமும் மகனின் குரல் வந்த திசையைத் தேடி நின்றன. இனி நிறுத்த முடியாது, வளைவு தாண்டியாகிவிட்டது, கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஓடி முடிக்க வேண்டியதுதான். சொன்னார். அறுநூறு மீட்டரில் கல்கத்தாக்காரன் தோளுக்குத் தோள் வந்தது, தொடை இரண்டும் ஈரச் சிமெண்டு மூட்டையானது, அதுவரை தெரிந்ததுதான், எல்லா ஓட்டத்திலும் வருவது. பிறகு கடைசி நூறில் சத்தம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. தான் ஓடவில்லை, தனக்கு ஓட்டம் கொடுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது, ஒவ்வொரு அடியும் யாரோ கையில் வைப்பதுபோல. தடத்துக் கரித்தூள், சுண்ணாம்புக் கோடு, வேலிக்கு வெளியே வேர்க்கடலை விற்றவரின் தலைப்பாகை, எல்லாவற்றின் மேலும் தாங்கமுடியாத ஒரு பிரியம். பக்கத்தில் இரைத்துக்கொண்டு வந்தானே அந்தக் கல்கத்தாக்காரன், அவனும் ஜெயிக்கட்டும் என்று இருந்தது. "ஓட்டக்காரனுக்கு அப்படித் தோணுமாப்பா? எனக்கு அதுக்கு முன்னாடியும் தோணினதில்ல, பின்னாடியும் இல்ல. பயமாப் போச்சு. யார்கிட்டயும் சொல்லல. கோட்டுக்கிட்ட உங்க கறுப்புச் சட்டை தெரிஞ்சுது, நீங்க என்னையே பாத்துட்டு நின்னீங்க. அந்த மூஞ்சியும் அதுல ஒரு பாகந்தான் எனக்கு. அது என்னன்னு கண்டுபிடிக்கத்தான் அப்புறம் எல்லாம். கால் போனதால படுக்க நேரம் கிடைச்சுது, அவ்வளவுதான்."

நுரை காய்ந்து கன்னத்தில் வெள்ளைத் தோலாக வெடித்தது. வராந்தாச் சுவரில் வெயில் ஒரு செங்கல் அளவு கீழே இறங்கியிருந்தது. இங்கர்சால் குதிகாலை மாற்றி நின்றார். சொல்லியிருக்கக் கூடாது. எண்பத்தாறு வயதில் ஒரு மனிதரிடம் மிச்சமிருப்பதில் கைவைத்தாயிற்று, இனி பால்காரரிடம் அதைச் சொல்லும்போதெல்லாம் இது நடுவில் வந்து நிற்கும். "நான் உன்னப் பாக்கலடா" என்றார் அப்பா. புரியவில்லை. "எப்பப்பா?" "அந்தக் கடைசி நூறு மீட்டர். நான் உன்னப் பாக்கல. என் கடிகார முள்ளத்தான் பாத்தேன். ஆபீசரு கடிகாரத்துமேல எனக்கு நம்பிக்கை இல்ல, நானும் எடுக்கணும்னு குனிஞ்சுக்கிட்டேன். பத்துல ஒரு செகண்டு பிசகினாலும் போச்சே. கோட்டுல நெஞ்சு படும்போது கட்டவிரல் அமுக்கணும், ஓரக்கண்ணுல ஒரு நிழல்தான். நம்பரப் பாத்தேன், ரெண்டாந்தரம் பாத்தேன், தலைய நிமித்துனப்ப நீ தரையில குந்தியிருந்த. ஜனமெல்லாம் கத்திச்சு. எல்லாரும் பாத்தானுங்க. நான்தான் பாக்கல." துண்டின் ஓரத்தை எடுத்துக் காய்ந்த நுரையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "முப்பத்தொம்பது வருசமா ஊர்ல இருக்கறவங்கிட்டல்லாம் பாத்த மாதிரியே சொல்லிட்டு வர்றேன். உங்கம்மாகிட்டகூடச் சொல்லல."

அந்த முகம். கோட்டருகே அவனையே பார்த்து நின்ற அந்த முகம் அப்படியென்றால் இல்லை, ஒரு குனிந்த தலை, நரை விழத் தொடங்கிய உச்சி, அவ்வளவுதான் இருந்திருக்கிறது. இத்தனை வருடம் பார்த்த முகத்தை அவரேதான் அங்கே வைத்துக்கொண்டாரா. அதை எடுத்துவிட்டால் மற்றதும் சரிந்துவிடுமென்று இங்கர்சால் காத்திருந்தார். சரியவில்லை. கரித்தூளும், சுண்ணாம்புக் கோடும், இரைக்கும் கல்கத்தாக்காரனும் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன, அந்தப் பிரியமும். முகம் இருந்த இடத்தில் மட்டும் இப்போது ஒரு மனிதர் குனிந்து, மகனுக்காகப் பத்தில் ஒரு செகண்டையும் கைவிடக்கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரேஸரை எடுக்கக் கையை நீட்டினார், எதிர்பாராமல் அப்பா அந்த மணிக்கட்டைப் பிடித்தார். தடித்த, வெட்டுத் தழும்பு ஓடிய ஃபிட்டர் விரல்கள், இன்னும் பிடி தளரவில்லை. "எப்படி இருந்துச்சு, சொல்லு." "இப்பத்தானேப்பா சொன்னேன்." "அவசரமாச் சொன்ன. கோயில்ல சொல்ற மாதிரி சொன்ன. எனக்குப் பாக்கற மாதிரி சொல்லு. உங்கால் எப்படி விழுந்துச்சு, அவன் எந்தப் பக்கம் வந்தான், கை எப்படி வீசின." மணிக்கட்டை விட்டார். "சாமியச் சேத்தே சொல்லு, பரவால்ல. வேணாங்கறத நான் கழிச்சுக்கறேன்."

இரண்டாம் மணி அடிக்கத் தொடங்கியது. ஹெப்சி புடவை மாற்றிக்கொண்டு அங்கியைக் கையில் எடுத்தபடி வாசற்படிக்கு வந்தாள், "நேரமாச்சுங்க" என்றாள், இரண்டு பேரையும் பார்த்தாள், அப்பாவின் பாதி முகத்து நுரையைப் பார்த்தாள். இந்தச் சபைக்கு வந்த ஏழு வருடத்தில் இங்கர்சால் ஐயர் ஆராதனைக்கு ஒரு நிமிடம் தாமதித்ததில்லை, சபையார் அவரைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள். "இன்னொரு பாட்டு பாடச் சொல்லு ஹெப்சி" என்றார். அவள் அங்கியைக் கதவில் மாட்டிவிட்டுப் போனாள். முக்காலியை இழுத்து, அப்பாவின் முழங்காலோடு முழங்கால் படும்படி போட்டு, உட்கார்ந்தார். "அறுநூறுலேருந்து சொல்லட்டுமாப்பா?" "ஸ்டார்ட்டிங்லேருந்து சொல்லு" என்றார் அப்பா. "எத்தனாவது லேன்?" "மூணு." அப்பா தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். மகன் சொல்ல ஆரம்பித்தார்.